அஞ்சுவின் 6.83 மீட்டர்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் சாயங்காலம் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் வைப்பதை நின்று பார்த்திருக்கிறேன். எட்டு, ஒன்பது வயதுக் கூட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்லவே முடியாது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு சிறுமி முதலில் வந்துவிடுவாள்.

அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பருவம் எய்தும்வரை ஆண், பெண் உடல்களுக்கிடையே வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 12, 13 வயதில் பையன்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஏறத் தொடங்குகிறது. வளர்ந்த ஆணின் ரத்தத்தில் அது பெண்ணுக்கு இருப்பதைப்போல் சுமார் 15 மடங்கு. அதனால் தசை திரள்கிறது, இதயம் பெரிதாகிறது, ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுகிறது. விளைவை 100 மீட்டரில் பார்க்கலாம்: உசேன் போல்ட் 9.58 விநாடி, ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.49. இடைவெளி ஒன்பதரை சதவீதம்.

ஆனால் நீளம் தாண்டுதலில் அது 16 சதவீதம். மைக் பவல் 1991இல் தாண்டியது 8.95 மீட்டர், கலினா சிஸ்தியகோவா 1988இல் தாண்டியது 7.52. ஓட்டத்தைவிடத் தாண்டுதலில் பெண்கள் ஏன் இன்னும் பின்தங்க வேண்டும்?

பலகையை விட்டுக் கால் எழும்பியதும் தாண்டுபவரின் உடல் எறிந்த கல் மாதிரிதான். கல் போய் விழும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பெண்ணின் வேகம் ஆணின் வேகத்தில் 91 சதவீதம் என்றால், 0.91ஐ அதே 0.91ஆல் பெருக்கிப் பாருங்கள்: 0.83. ஓட்டத்தில் ஒன்பதாக இருந்த குறை மணலில் விழும்போது 17 ஆகிவிடுகிறது. பெண்களின் திறமையில் எந்தக் கூடுதல் குறையும் இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். கொச்சிக்குத் தெற்கே சங்கனாச்சேரிப் பக்கத்துப் பெண் அஞ்சு பாபி ஜார்ஜ். 2003இல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார்; உலகத் தடகளப் போட்டி வரலாற்றிலேயே இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83. ஒற்றைச் சிறுநீரகத்தோடுதான் இத்தனையும் செய்தேன் என்று 2020இல் அவரே வெளியே சொன்னார். ஆண்களில் தூத்துக்குடி மாவட்டம் முதலூர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023இல் 8.42 தாண்டினார். இருவருக்கும் இடைவெளி 19 சதவீதம். உலக அளவைவிட மூன்று புள்ளி அதிகம்.

ஒரே ஒரு ஜோடியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இருந்தாலும், ஆண்களின் தேசியச் சாதனை மறுபடி மறுபடி உடைய, அஞ்சுவின் 6.83 இருபது ஆண்டுகளைத் தாண்டியும் அசையாமல் நின்றதற்குக் காரணத்தை நான் தசையில் தேடமாட்டேன். மணல் குழிவரை வந்து சேரும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்கான பயிற்சி முறையே ஆண் உடலை வைத்து எழுதப்பட்டது. 2014 முதல் 2020 வரை முக்கிய விளையாட்டு அறிவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளை எண்ணிப் பார்த்தபோது, பெண்களை மட்டுமே வைத்துச் செய்தவை வெறும் 6 சதவீதம்.

பணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிரிக்கெட் வாரியம் 2022இல் ஆட்டத்துக்கான சம்பளத்தைச் சமமாக்கியது, நல்ல காரியம். ஆனால் 2024-25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்களின் உச்சத் தொகை 7 கோடி, பெண்களுடையது 50 லட்சம். பதினான்கு மடங்கு! எந்த ஹார்மோனும் இதை விளக்காது.

வாய்ப்புக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 1976இல் கேரள அரசு கண்ணூரில் சிறுமிகளுக்கு விளையாட்டு விடுதி தொடங்கியது. முதலில் சேர்ந்த நாற்பது பேரில் பி.டி. உஷா ஒருவர். 400 மீட்டர் தடை ஓட்டம் ஆண்களுக்கு 1900 ஒலிம்பிக்கிலேயே வந்துவிட்டது. பெண்களுக்கு 1984 லாஸ் ஏஞ்சலஸில்தான் முதன்முதலாக. அந்த முதல் போட்டியின் இறுதியில் உஷா ஓடினார். விடுதியில் சேர்ந்து எட்டே வருஷம். வெண்கலத்துக்கும் அவருக்கும் நடுவே இருந்தது விநாடியில் நூறில் ஒரு பங்கு.