உணவுக்குழாய் சிகிச்சைக்குப் பின்: முதல் எட்டு வாரங்களின் முக்கியத்துவம்

உணவுக்குழாய்ப் புற்றுநோய் உட்சவ்வின் அளவிலேயே கண்டறியப்பட்டால், மார்பைத் திறக்காமலே அதனை அகற்ற இயலும். வாய்வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, நோயுற்ற சவ்வை மட்டும் உரித்தெடுக்கும் இம்முறை ஜப்பானில் வளர்ச்சி பெற்றது. 2008-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் பொது மருத்துவக் காப்பீட்டிலும் இடம்பெற்றுள்ளது. நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகள் சிலவற்றிலும் இது செய்யப்படுகிறது.

நோய் அகன்றாலும் அவ்விடத்தில் புண் எஞ்சுகிறது. அது ஆறும்போது நார்த்திசு பெருகி, குழாயை உட்புறமாக இழுக்கிறது. குழாயின் சுற்றளவில் முக்கால் பங்குக்கு மேல் சவ்வு அகற்றப்பட்டவர்களுக்கு, தடுப்பு முயற்சி இல்லையெனில், பெரும்பாலும் சுருக்கம் ஏற்படுகிறது. சில வாரங்களில் முதலில் சோறும், பின்னர் கஞ்சியும்கூட இறங்க மறுக்கும். ஆகவே, விழுங்கச் சிரமம் தோன்றும் வரை காத்திராமல், புண் ஆறும்போதே தடுப்பைத் தொடங்குகின்றனர்.

இதற்கு முதன்மையாகப் பயன்படுவது ஸ்டீராய்டு மருந்து. டிரையாம்சினோலோனைப் புண்ணின் அடித்தளத்தில் ஊசி மூலம் செலுத்துவது ஒரு வழி. ஊசி தசை வரை ஆழ்ந்தால் குழாய்ச் சுவர் பலவீனமடையலாம் என்பதால், இதற்குத் தேர்ந்த கைகள் தேவை. பிரெட்னிசோலோன் மாத்திரை மற்றொரு வழி. ஜப்பானில் கையாளப்படும் ஒரு முறையில், நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் எனத் தொடங்கி, சுமார் 8 வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகின்றனர். இவற்றையும் மீறிச் சுருக்கம் ஏற்பட்டால், பலூனைக் குழாயினுள் விரித்து அகலப்படுத்துவர். இது பல முறை தேவைப்படலாம்.

நோயாளியின் கன்னத்து உட்சவ்விலிருந்து எடுத்த செல்களைப் படலமாக வளர்த்துப் புண்ணின் மீது பொருத்தும் ஆய்வும் நடைபெற்றுள்ளது. டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் 9 நோயாளிகளிடம் கண்ட முடிவுகள் 2012-இல் வெளியாயின. எனினும் இது இன்னும் பரவலான சிகிச்சையாகவில்லை.

நோயாளி கவனிக்க வேண்டியவை மூன்று. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்துவது ஆபத்தானது. நீரிழிவு இருப்பின் முன்னரே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இம்மருந்து இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். விழுங்குவதில் சிறு தடை தோன்றினாலும், குறித்த நாளுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

வங்கியாளன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு ஆகும் செலவுகளுக்குப் பல காப்பீட்டுத் திட்டங்கள் 60 அல்லது 90 நாள்கள் என வரம்பு விதிக்கின்றன. 8 வார மருந்துக்கே 56 நாள்கள் ஆகின்றன. பலூன் சிகிச்சை அதற்குப் பிறகும் தொடரக்கூடும். எனவே அறுவைக்கு முன்பே பாலிசியில் இவ்வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்தொடர் சிகிச்சைக்கெனத் தனியே ஒரு தொகையையும் ஒதுக்கி வையுங்கள். பணமில்லை என்பதற்காக மறுபரிசோதனை தள்ளிப்போகக் கூடாது.