வாயை மட்டும் அசைடா!

ஆண்டு விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பாட்டு சார் காதைத் தீட்டிக்கொண்டு வரிசை வரிசையாக வருவார். ஓர் இடத்தில் டக்கென்று நிற்பார். "டேய், நீ பின்னாடி போ. பாடாதே, வாயை மட்டும் அசை!" ஆபீஸ் மீட்டிங்கில் இன்றைக்கும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்குப் பயிற்சி எங்கே ஆரம்பித்தது என்று இப்போது புரிந்திருக்குமே!

ஆனால் அந்தப் பையன்களில் பல பேருக்குக் குரலில் ஒரு கோளாறும் கிடையாது. சார் தன் தொண்டைக்கு வசதியான ஸ்ருதியில் எடுத்துக் கொடுக்கிறார். சிறு பிள்ளைகளின் குரலோ ஏறக்குறைய ஒரு ஸ்தாயி மேலே இருக்கிறது. சில வாண்டுகள் தானாகவே மேலே பிடித்துக்கொள்ளும். சிலது சாரின் குரலையே பிடிக்கப் பார்த்து, இறங்கி இறங்கி, கடைசியில் உறுமும். உறுமினவன் பின்வரிசை! அதே பாட்டை இன்னொரு பையனை விட்டு, கொஞ்சம் ஏற்றிப் பாடிக் காட்டச் சொன்னால் போதும், நிறைய உறுமல்கள் அங்கேயே அடங்கிவிடும். (பதின்மூன்று, பதினாலு வயதில் குரல் உடைகிற சமாசாரம் வேறு. அவனை அதட்டாமல், கீழே பாட ஒரு வரி கொடுத்துவிட வேண்டும்.)

சேர்ந்திசையை ஒழுங்காகச் சொல்லித் தருகிறவர் எடுத்த எடுப்பில் பாட்டுக்குப் போகமாட்டார். வாயை மூடிக்கொண்டு ஒரே ஸ்வரத்தை 'ம்ம்ம்' என்று பிடிக்கச் சொல்வார். பக்கத்துப் பையன் குரல் காதில் விழாவிட்டால் நீ கத்துகிறாய் என்று அர்த்தம். அப்புறம் மூச்சு. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் பள்ளம் விழும். ஒருத்தன் வாங்கும்போது மற்றவன் தாங்க வேண்டும். அதற்கப்புறம்தான் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி முதல் வரியை முடித்ததும் மறு பாதியை ஆரம்பிக்கவிடுவது. முதல் நாள் பயல்கள் காதைப் பொத்திக்கொண்டு பாடுவார்கள். கேட்டுக்கொண்டே பாட வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

நம் கச்சேரி மரபில் எத்தனை பேர் சேர்ந்து பாடினாலும் ஒரே மெட்டுதான். அதில் குரல்களைப் பிரித்து அடுக்கிக் காட்டியவர் எம்.பி.சீனிவாசன். கேரளத்தில் எம்.பி.எஸ். என்றால் தெரியும். நம் ஊரில் "எந்த சீனிவாசன்?" என்பார்கள். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர், சார்! 1970-களின் தொடக்கத்தில் 'மெட்ராஸ் யூத் கொயர்' என்று ஒரு குழுவை ஆரம்பித்தார். பாரதி பாட்டோடு பல இந்திய மொழிப் பாடல்களையும் பாட வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவுக்குப் போன இடத்தில் காலமானார்.

பல பள்ளிக்கூடங்களில் பாட்டு பீரியட் என்பது பரீட்சை நெருங்கினால் கணக்கு சார் கடன் வாங்குகிற பீரியட். திருப்பித் தந்ததாகச் சரித்திரமில்லை. மிச்சப் பீரியடில், பரிசு வாங்கித் தரக்கூடிய பத்துப் பேர் முன்வரிசை. உறுமுகிறவனுக்காக ஸ்ருதியை ஏற்றிப் பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது?

உங்கள் அக்கா பையன் இந்த வருஷ ஆண்டு விழாவில் பின்வரிசையில் நின்று வாயசைத்தால், சாரை ஓரமாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் ஏத்திப் பாடிப் பார்த்தீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.