எண்ணி அச்சிட்ட கலை

ஓவியம் சேகரிப்பது கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு, மாதச் சம்பளக்காரர்களுக்கு அது எட்டாக்கனி என்று நம்மவர்கள் பலர் கருதுகிறார்கள். எட்டும் கனிதான் என்று எனக்கு உணர்த்தியவர் ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் (1921-1986).

நிகழ்த்துக் கலையின் முன்னோடிகளில் ஒருவர் இவர். 1965-ல் டுஸ்ஸல்டார்ஃப் நகரில், தலையில் தேனும் பொன் தாளும் பூசிக்கொண்டு, இறந்த முயல் ஒன்றைக் கையில் ஏந்தி, அதற்கு ஓவியங்களை விளக்கினார். 1974-ல் நியூயார்க்கில் ஒரு கொயோட்டியுடன் (coyote) ஒரே அறையில் சில நாட்கள் கழித்தார். பைத்தியக்காரத்தனம் என்று சிரித்தவர்களும் உண்டு. எப்படியாயினும், வாசலில் இட்ட கோலம் போல, இத்தகைய கலை அன்றோடு அழிந்துவிடும். பிறகு வருபவர்களுக்கு மிஞ்சுவது என்ன?

இதற்குப் பாய்ஸ் கண்ட வழி, பல பிரதிகளாகச் செய்து பலரிடம் சேர்ப்பது. அச்சுப் படங்கள், அஞ்சலட்டைகள், சிறு பொருட்கள் என 500-க்கும் மேற்பட்ட படைப்புகளை இவ்வாறு வெளியிட்டார். 1972-ல் வந்த ‘புரட்சி என்பது நாமே’ படத்தில் அவரே ஆளுயரத்தில் நம்மை நோக்கி நடந்து வருகிறார். அதில் 180 பிரதிகள்தான். மாறாக, 1968-ல் பென்சிலால் ஒரு சொல்லும் இரு கோடுகளும் வரைந்த மரப்பெட்டியை எண்ணிக்கை வரம்பின்றி, வெறும் 8 மார்க்குக்கு விற்றார். நம் மும்பையில் 1894-ல் தொடங்கிய ரவிவர்மா அச்சகம் சாமி படங்களை எளியவர் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டு வந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வரம்புள்ள அச்சுப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் 47/100 என்பது போல எழுதியிருக்கும். நூறு பிரதிகளில் இது நாற்பத்தேழாவது என்று பொருள். அதற்கு மேல் அச்சிடுவதில்லை என்பது கலைஞர் தரும் வாக்கு. நாம் விலை கொடுப்பது தாளுக்கு அல்ல, அந்த வாக்குக்கு. ஆகவே வாங்கும்முன் கையெழுத்து, எண், வெளியிட்டவர் பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். பாய்ஸின் பிரதிகளுக்கு ஷெல்மன் தொகுத்த பட்டியல் இருப்பது பெரிய வசதி.

அலுவலகப் பணியாக ஜெர்மனி சென்றபோது அவர் கையெழுத்திட்ட சிறு சுவரொட்டி ஒன்றை வாங்கினேன். “அந்தப் பணத்தில் ஒரு சவரன் வாங்கியிருக்கலாமே அண்ணா!” என்றாள் என் தங்கை. அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவசரத்துக்குத் தங்கத்தை உடனே அடகு வைக்கலாம், படத்தை வைக்க முடியாது. லாபம் கருதி இதில் இறங்குவோருக்கு என் அறிவுரை, வேண்டாம் என்பதே.

வாங்கிவிட்டால் பராமரிப்பு முக்கியம். மும்பை மழைக்காலத்து ஈரமும் வெள்ளிப்பூச்சியும் தாளுக்குப் பரம எதிரிகள். படம் கண்ணாடியைத் தொடாதபடி, அமிலமற்ற அட்டையில் பொருத்தி, வெயில் படாத சுவரில் மாட்ட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகள், “யார் மாமா இந்தத் தொப்பிக்காரர்?” என்று கேட்கிறார்கள். முயலின் கதையைச் சொல்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஒரு நிகழ்ச்சி அந்த நேரத்தில் எங்கள் கூடத்தில் மீண்டும் நடக்கிறது. கொடுத்த பணத்துக்கு அதுவே போதும் என்பது என் தாழ்மையான கருத்து.