கறுப்புத் திரையிலிருந்து ஜன்னல் திரைக்கு

இந்த வாரம் வியாபாரச் சகோதரர்களுக்கு எனது கடையில் நடந்த ஒரு வெட்கக்கேட்டைத்தான் எழுதப்போகிறேன். பத்துப் பை சீமெந்தால் வந்த வினை அது.

எங்கள் ஹாட்வெயார் கடையின் கணக்குப் புரோகிராமைச் செய்தது பெரிய கம்பனி எதுவுமல்ல, எனது தங்கையின் மகன்தான். உயர்தரத்தில் ஐ.சி.டி. பாடம் எடுத்தவன். அந்தப் பாடத்தில் பைதன் என்ற கம்பியூட்டர் மொழியைப் படிப்பிக்கிறார்கள். பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த காலத்தில், "மாமா, கடைக்கு ஒரு புரோகிராம் எழுதித் தரட்டா?" என்று கேட்டான். காசில்லாமல் வருவதை வேண்டாம் என்பேனா?

அவன் முதலில் செய்து தந்தது கறுப்புத் திரைப் புரோகிராம். படமில்லை, பொத்தான் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒரு கேள்வி கேட்கும்: பெயர்? நாம் தட்டி என்டரை அழுத்தினால் அடுத்த கேள்வி: பொருள் இலக்கம்? பிறகு, எத்தனை? அதன் பின், காசா கடனா? ஒன்றை முடிக்காமல் மற்றதற்குப் போக விடாது. எங்கள் காசாளர் காக்கா ஒரு மாதத்தில் திரையைப் பார்க்காமலே தட்டப் பழகிவிட்டார். எட்டு மாதம் ஒரு சதமும் பிழைக்காமல் ஓடியது.

அப்படியிருக்க அதை ஏன் மாற்ற வேண்டும்? இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது தமிழ். விண்டோஸின் அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் ஒழுங்காக வராது. கொம்பு ஓரிடத்தில் நிற்கும், எழுத்து வேறிடத்தில் நிற்கும். ஆகவே வாடிக்கையாளர் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டோம். நாங்கள் பழைய பாமினி எழுத்தில் அடித்து வைத்திருந்த பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்து போட்டபோது பேய் எழுதியது போல ஆங்கில எழுத்துக்கள் வந்து விழுந்தன. மற்றது, பொருள் இலக்கங்கள் காக்காவுக்கும் மருமகனுக்கும் மட்டுமே தெரியும். காக்கா உம்ராவுக்குப் போன இரண்டு வாரமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அப்ப ஜன்னல் மாதிரி செய்வம் மாமா" என்றான். ஜன்னல் என்றால் நாம் எல்லோரும் பாவிக்கிற விண்டோஸ் மாதிரித் திரை. பெட்டிகள், பொத்தான்கள், மௌஸ். இது ஒன்றும் புதிய சங்கதியல்ல. அமெரிக்காவில் ஸெரொக்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில் 1973 இலேயே இப்படியான கம்பியூட்டரைச் செய்துவிட்டார்கள். அப்பிள் கம்பனி 1984 இல் மெக்கின்டொஷ் மூலம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது உலகம் கடை வாசலில் வரிசையில் நின்றதாம். அப்போது யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம்.

பைதனோடு டிகின்டர் என்ற ஒரு பகுதி கூடவே வருகிறது. ஜன்னல் செய்ய அது போதும், வேறு காசு கட்டத் தேவையில்லை. மருமகன் இரண்டே நாளில் ஜன்னலைக் காட்டினான். அழகாகத்தான் இருந்தது. "புதிய பில்" என்ற பொத்தானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மீண்டும் அழுத்தினேன். ஜன்னல் வெளிறிப்போய் உறைந்து நின்றது. பார்த்தால், பின்னால் ஒளிந்திருந்த கறுப்புத் திரையில் "பெயர்?" என்ற பழைய கேள்வி கேட்டபடி இருக்கிறது! பழைய புரோகிராமை அப்படியே தூக்கிப் பொத்தானுக்குப் பின்னால் வைத்திருக்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஜன்னலால் அசைய முடியாது.

இந்த இடத்தில்தான் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்களாம். அவன் விளங்கப்படுத்தியதை எமது பாஷையில் சொல்கிறேன். கறுப்புத் திரை என்பது அந்தக்காலக் கூட்டுறவுக் கடை. வரிசையில் நில், கூப்பனைக் காட்டு, பையை நீட்டு, போ. எதை எப்போது கேட்பது என்று தீர்மானிப்பது கடைக்காரர்தான். ஜன்னல் என்பது எங்கள் கடை. வாடிக்கையாளர் வருவார், பெயின்ட் டின்னைத் தூக்கிப் பார்ப்பார், ஆணி விலை கேட்பார், திரும்பவும் பெயின்டுக்கே போவார். அவர் எங்கே கை வைத்தாலும் அதற்குப் பதில் சொல்ல ஒருவர் தயாராக நிற்க வேண்டும். ஆகவே ஜன்னல் புரோகிராம் கேள்வி கேட்காது, காத்திருக்கும். மௌஸ் அழுத்தப்பட்டதா, கீ தட்டப்பட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது நடந்தால் அதற்குரிய சின்ன வேலையைச் செய்துவிட்டு உடனே காவலுக்குத் திரும்பிவிடும். அந்தச் சின்ன வேலை நீண்டுபோனால் முழுக் கடையும் ஸ்தம்பித்துவிடும்.

இது விளங்கிய பிறகு எல்லாவற்றையும் உடைத்து எழுதினான். நாங்களும் பாவிக்கத் தொடங்கினோம்.

மூன்றாவது கிழமை நாவாந்துறைப் பக்கத்து மேசன் ஒருவர் கடன் தீர்க்க வந்தார். திரையில் இருபது பை சீமெந்து நின்றது. "முதலாளி, நான் பத்துத்தான் எடுத்தனான்" என்று தன் சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்துக் காட்டினார். நான் கேட்கவில்லை. கம்பியூட்டர் பொய் சொல்லாது என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இருபதுக்கும் காசை எண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்கு மனம் கேட்கவில்லை. ஸ்டோருக்குள் போய்ச் சீமெந்துப் பைகளை எண்ணினேன். புரோகிராம் சொன்னதைவிடப் பத்துப் பை கூடுதலாக இருந்தது. காக்கா "சேமி" என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறார். திரையில் மாற்றம் தெரியாததால் இன்னொருமுறை அழுத்தியிருக்கிறார். அது இரண்டு பில்லாக எழுதிவிட்டது. கறுப்புத் திரையில் இது நடந்திருக்காது. ஒரு பதிலுக்குப் பின் அது அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

கடனை எழுதி வைக்குமாறு சூரத்துல் பகராவின் 282 ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதும் அதே வசனத்தில்தான் உள்ளது. 1990 அக்டோபர் 30 இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் கடன் கொப்பிகள் லாச்சிக்குள்ளேயே கிடந்தன. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதை அவர் புத்தளத்தில் இருந்து நினைவிலிருந்து எழுதினார். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் தொகையைக் குறைத்தே எழுதினார். அவருடைய மகன் ஒரு மேசனிடம் பத்துப் பைக்கு மேலதிகமாகக் காசு வாங்கியிருக்கிறேன். சுபஹு தொழுதுவிட்டு அவர் வீட்டுக்கே போய்க் காசைக் கொடுத்து மாப்புக் கேட்டேன்.

மருமகனை நான் ஏசவில்லை. அவனே கலங்கிப்போய்த்தான் இருந்தான். "மகன், பொத்தானுக்கு ஒரு பூட்டுப் போடு" என்றேன். இப்போது "சேமி"யை ஒருமுறை அழுத்தியவுடன் அது சாம்பல் நிறமாகிவிடும், மறுபடி அழுத்த முடியாது. பில் திறக்கும்போதே அதற்கொரு இலக்கம் விழும். அதே இலக்கம் இரண்டாந்தரம் வந்தால் எழுத மறுக்கும். ஆறு பெட்டிகளையும் எந்த ஒழுங்கிலும் நிரப்பலாம் என்பதால், எத்தனை என்ற பெட்டி வெறுமையாக இருக்கிறதா என்று சேமிக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். எழுதி முடிந்ததும் "பில் எழுதப்பட்டது" என்று தமிழில் சொல்லும். அந்த ஒரு வரி முதலிலேயே இருந்திருந்தால் காக்கா இரண்டாந்தரம் அழுத்தியிருக்கவே மாட்டார்.

காக்காவுக்கு இன்னொரு குறையும் இருந்தது. மௌஸைத் தேடிப் பிடிப்பதற்குள் மூன்று பில் தட்டியிருப்பேன் என்றார். அது நியாயமான பேச்சு. இந்தியாவின் டெலி மென்பொருளைப் பாருங்கள். 1986 இல் பெங்களூரில், ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திரப் பாகங்களும் விற்ற ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, தனது கணக்குக்குப் பொருத்தமான புரோகிராம் கிடைக்காமல் மகன் பரத் கோயங்காவையே எழுதச் சொன்னார். அப்படிப் பிறந்ததுதான் டெலி. அந்த மகனுக்கு 2020 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. கறுப்புத் திரைக் காலத்தில் தொடங்கிய அந்த மென்பொருள் விண்டோஸுக்கு வந்த பிறகும் மௌஸைத் தொடாமலே முழுக் கணக்கையும் எழுத விடுகிறது. கணக்கெழுதுகிறவரின் கை எங்கே இருக்கும் என்பது ஒரு வியாபாரிக்குத் தெரியும்தானே. எங்கள் ஜன்னலிலும் இப்போது என்டரைத் தட்டினால் அடுத்த பெட்டிக்குப் போகும்.

பிள்ளைகளிடம் புரோகிராம் எழுதக் கொடுத்திருக்கும் சகோதரர்கள் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: கணக்குப் பார்க்கும் பகுதியும் திரையைக் காட்டும் பகுதியும் தனித்தனியாக இருக்கின்றனவா? மருமகன் முதலில் இரண்டையும் கலந்து எழுதியதால்தான் எல்லாவற்றையும் உடைக்க வேண்டி வந்தது. இப்போது விலை, கழிவு, கடன் மீதி எல்லாம் ஓரிடத்தில் இருக்கின்றன. ஜன்னல் அதன் முன்னால் நிற்கும் விற்பனையாளர் மட்டும்தான். பழைய கறுப்புத் திரையையும் அதே கணக்கோடு இணைத்து வைத்திருக்கிறோம். மௌஸ் பழுதான ஒருநாள் காக்கா சந்தோஷமாக அதில்தான் பில் போட்டார்.

மேசன் இப்போதும் வருகிறார், கொப்பியையும் கொண்டு வருகிறார். வந்தவுடன் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, தன் பெயரைத் தமிழில் வாசித்து, தொகையைத் தானே ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சீமெந்தை ஏற்ற விடுகிறார்.