எப்படி இயங்குகிறது? தலைக்குள் ஒரு கேஸ் அடுப்பு

நான்காம் வகுப்புப் பிள்ளை 47-ஐ 6-ஆல் பெருக்குகிறது. அப்போது அதன் தலைக்குள் என்ன நடக்கிறது? அடுக்களையை வைத்துப் பார்த்தால் எளிதில் பிடிபடும்.

ஒரு நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற இடத்துக்குச் செயல்படு நினைவு என்று பெயர். அதை அடுப்பு என்று கொள்ளுங்கள். 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் அதில் ஏறத்தாழ ஏழு சங்கதிகள் நிற்கும் என்றார். 2001-இல் நெல்சன் கோவன் பல ஆய்வுகளை அலசி, நான்கு போலத்தான் என்று குறைத்தார். பெரியவர்களுக்கே நான்கு பர்னர்தான்; பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு.

பக்கத்திலிருக்கும் அலமாரியோ மிகப் பெரியது. நீண்டகால நினைவு அதுதான். சாம்பார்ப்பொடி அங்கே தயாராக இருந்தால் ஒரு கரண்டி எடுத்துப் போட்டு வேலையைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் மல்லியும் மிளகாயும் வறுக்க ஒரு பர்னரை ஒதுக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை "ஆறேழு 42" என்கிறது. 2 போட்டு, மீதி 4. ஆறு நாலு 24, மீதி நாலோடு 28. விடை 282. வாய்ப்பாடு தெரியாத பிள்ளை 6, 12, 18 என்று விரல் விட்டு எண்ணி 42-க்கு வந்து சேர்கிறது. அடுத்து ஆறு நாலுக்கும் அதே பாடு. 24 வந்து நிற்கும்போது மீதி 4 மறந்துபோய், 242 என்று எழுதிவிடுகிறது. பெருக்கும் முறை அதற்கு நன்றாகவே தெரியும். பர்னர்தான் போதவில்லை. அந்தப் பிள்ளையை மந்தம் என்பது அநியாயம்.

ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் இந்தப் பர்னர் பற்றாக்குறையைக் கற்பித்தலோடு இணைத்தார். புதிதாக இயற்கணிதம் படிப்பவர்களிடம் கணக்கைக் கொடுத்து "நீயே போடு" என்பதைவிட, படிப்படியாகப் போட்டுக் காட்டிய கணக்குகளைப் படிக்கவைத்தால் விரைவாகக் கற்கிறார்கள் என்று அவரும் கிரகாம் கூப்பரும் 1985-இல் காட்டினர். முதன்முதலாகக் குழம்பு வைப்பவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்பதைப் போலத்தான். கை பழகியவருக்கு அதே விளக்கம் இடைஞ்சலாகிவிடும் என்பதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே ஒரே பாடத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துவது ஏதாவது ஒரு பகுதியினருக்குப் பொருந்தாமல் போகும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததை இந்தக் காரணத்தாலேயே சரியான முயற்சி என்று நினைக்கிறேன்.

சரி, அலமாரியை நிரப்புவது எப்படி? திரும்பத் திரும்ப வாசித்தால் போதும் என்றுதான் பெரும்பாலோர் நம்புகிறோம். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஓர் உரைப்பகுதியை வாசித்தபின் ஒரு சாரார் அதையே மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்களே முன்னிலை. ஒரு வாரம் கழித்தோ, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 42. அலமாரியிலிருந்து எடுத்து எடுத்துப் பழகினால்தான் கை தானாக அந்த டப்பாவுக்குப் போகும்.

மனப்பாடமா, புரிதலா என்று நம்மூரில் அடிக்கடி சண்டை நடக்கிறது. எனக்கு அது வீண் சண்டையாகவே படுகிறது. ஆறேழு என்றால் ஏழு ஏழாக ஆறு கூட்டம் என்று புளியங்கொட்டையை அடுக்கிக் காட்டிப் புரியவைக்க வேண்டும். பிறகு கேட்டவுடன் வாயில் வரும்வரை பழக்கவும் வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் வகுத்தலிலும் பின்னத்திலும் அந்தப் பிள்ளைதான் தவிக்கும்.

உங்கள் பிள்ளை பெரிய கணக்கில் திணறினால், அதே கணக்கை இன்னும் பத்து முறை போடச் சொல்லாதீர்கள். ஏழாம் வாய்ப்பாட்டிலிருந்து நாலு கேள்வியை முன்பின்னாக மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அங்கே தடுமாறினால், அன்றைக்கு அதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். இரண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்கள்.