இடையில் நின்றுவிடும் படிப்பும் நமது வீடுகளும்



என்னிடம் பாடசாலையில் படித்த மாணவன் ஒருவன். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்றில் கணக்கியல் டிப்ளோமாவுக்கு இடம் கிடைத்தது. அன்று அவனுடைய உம்மா அயல் வீடுகளுக்கெல்லாம் தொதல் பங்கிட்டார்.

ஐந்து மாதம் கழிந்து, ஒருநாள் முற்பகல் கடற்கரையில் தோணி நிழலில் அவன் உட்கார்ந்திருக்கக் கண்டேன். பக்கத்தில் புத்தகப் பை. "என்ன மகன், வகுப்பு இல்லையா?" என்று கேட்டேன். "நான் போகாம உட்டு ரெண்டு மாசம் மௌலவி. உம்மாக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றான்.

அந்த இரண்டு மாதமும் அந்தத் தாய் விடியற்காலையில் எழுந்து, சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று அவனை வழியனுப்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இடம் கிடைத்த நாளில் கைகுலுக்கி வாழ்த்திய நானும், அதன்பின் ஒருதடவையாவது "படிப்பு எப்படிப் போகிறது?" என்று அவனைக் கேட்கவில்லையே!

இவை என்ன படிப்புகள்?

பிள்ளை பல்கலைக்கழகம் போனால் ஊரே அறிகிறது. போகாத பிள்ளைகளோ எண்ணிக்கையில் அதிகம். அவர்களுக்காகவே சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரியும் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் இருக்கின்றன. அம்பாறையில் ஹார்டி நிறுவனம் இருக்கிறது. மின்னிணைப்பு, மோட்டார் பொறித் திருத்தம் முதல் கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் வரை இத்தகைய இடங்களில் படிக்கலாம்.

இவற்றை 'ஒன்றும் கிடைக்காதவர் போகும் இடம்' என்று நம்மில் சிலர் பேசுகிறார்கள். அது அறியாமை. நம் நாட்டின் தேசிய தொழில் தகைமை முறையில் ஏழு மட்டங்கள் உள்ளன. நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமம். இவ்வழியே படித்து வருவோருக்காக 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகமே அமைக்கப்பட்டது. ஆகவே இது முட்டுச்சந்தல்ல. படிப்படியாக ஏறும் ஏணி. ஏறத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் இரண்டாம் படியிலேயே இறங்கிவிடுவதுதான் கவலை.

ஏன் நிற்கிறார்கள்?

'படிப்பு ஏறவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். விசாரித்துப் பார்த்தால் காரணங்கள் வேறு.

முதலாவது, மொழி. பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை, உயர் டிப்ளோமா வகுப்பில் நுழைந்ததும் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. வீட்டில் கடை வரவு செலவை விரல்நுனியில் வைத்திருப்பவன், அதே கணக்கை ஆங்கிலச் சொற்களில் கேட்டுத் திகைக்கிறான். கேள்வி கேட்டால் சிரிப்பார்களோ என்று வாய்மூடி இருக்கிறான். முதல் பருவத்தில் விலகுவோரில் இத்தகையோர் பலர்.

இரண்டாவது, பிரயாணம். கட்டணம் இல்லை, அல்லது குறைவு என்று நிம்மதி அடைகிறோம். ஆனால் பொத்துவிலிலிருந்து சம்மாந்துறைக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். பஸ் காசு, பகல் சாப்பாடு, போட்டோப் பிரதி என்று நாளாந்தம் சிறுகச் சிறுகப் போகும் பணம் மாத முடிவில் பெருந்தொகையாகிறது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு நாம் வரிசையில் நின்றதும் பஸ் கட்டணம் ஏறியதும் மறந்துவிட்டதா? வாப்பாவிடம் தினமும் கைநீட்ட வெட்கப்பட்டு, இரண்டு நாள் போவதும் மூன்று நாள் நிற்பதுமாகப் பிள்ளை தேய்கிறது.

மூன்றாவது, பருவகால வேலை. பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெட்டு. ஓகஸ்ட், செப்டெம்பரில் சிறுபோக வெட்டு. வயலில் ஆள் தேவை. கடலில் மீன் படும் காலத்தில் தோணிக்கு ஆள் தேவை. மருதமுனையில் தறிக்கு ஓடர் வந்தால் அதற்கும் ஆள் தேவை. "ஒரு கிழமைதானே!" என்று மறிக்கிறோம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 80 வீத வரவு இல்லாமல் பரீட்சைக்கு அமர முடியாது என்பது நமக்குத் தெரிவதில்லை. தெரிந்த பிள்ளையும் வாய்திறப்பதில்லை.

நான்காவது, நமது ஊர் வழக்கம். கிழக்கிலே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம் செய்கிறோம். அந்தச் சுமை வாப்பாவோடு நிற்பதில்லை. மூத்த ஆண்பிள்ளையின் தோளிலும் ஏறுகிறது. இரண்டு ராத்தாமாரின் வீடு கூரை போடாமல் கிடக்கையில், கட்டாருக்கு விஸா வந்தால் டிப்ளோமா யாருக்கு நினைவிருக்கும்? அவன் பயணம் போகிறான். அங்கே தகைமை இல்லாத உழைப்பாளிக்குரிய சம்பளத்தையே பெறுகிறான். ஒரு வருடம் பொறுத்திருந்தால் சான்றிதழோடு போயிருப்பான்.

பெண்பிள்ளைகளுக்கு இதே காரணம் மறுபக்கமாக வருகிறது. நல்ல இடத்தில் கலியாணம் பேசி வந்தால் "இனி என்ன படிப்பு?" என்கிறோம். கணக்கியலில் ஒரு வருடத்தை நன்றாக முடித்த பிள்ளை, கடைசி வருடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள். பிற்காலத்தில் கஷ்டம் வந்தால் கையில் காட்ட ஒரு தாளும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வெட்கம். ஒரு கிழமை தவறியதும் பாடம் விளங்காது. விளங்காததால் மறுகிழமையும் போகப் பிடிக்காது. யாருக்கும் சொல்லவும் பயம். இப்படித்தான் ஒரு பிள்ளை புத்தகப் பையோடு கடற்கரைக்குப் போய்ச் சேருகிறது.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் இத்தகைய நிறுவனங்களைச் சமுதாயக் கல்லூரிகள் என்பர். 1901இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய கல்லூரியை அவற்றின் முன்னோடியாகச் சொல்வார்கள். அங்கும் பாதியில் விலகுவோர் ஏராளம். நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் சேர்ந்த மாணவருக்கு பஸ், ரயில் பிரயாணச் சீட்டு இலவசம், புத்தகத்துக்கு உதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி சந்தித்து நலம் விசாரிக்க ஓர் ஆலோசகர். பின்னர் அதனை ஆராய்ந்தபோது, மூன்று வருடத்தில் படிப்பை முடித்தோர் திட்டத்தில் இல்லாதவர்களில் 100க்கு 22 பேர். திட்டத்தில் இருந்தவர்களில் 100க்கு 40 பேர்! மாணவரின் மூளை மாறவில்லை. பிரயாணச் செலவும், விசாரிக்க ஒரு மனிதரும் கிடைத்தார்கள், அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதல்ல. 1942இல், யுத்த காலத்தில், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். உணவு உற்பத்தியைப் பெருக்க வந்தவர், வறுமையால் படிப்பை நிறுத்தும் நம் பிள்ளைகளைக் கண்டு இங்கே முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அந்த அனுபவமே 1945இல் நாடளாவிய முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. கல்முனை மண்ணில் முளைத்த யோசனையை நாம் மறந்துவிடலாமா?

நாம் செய்யக்கூடியவை

தாய்மார்களே, பெரிய திட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டாம்.

முதல் ஆறு கிழமைகளில் கண்ணாக இருங்கள். "இன்று போனாயா?" என்று கேட்டால் "ஓம்" என்ற பதில்தான் வரும். "இன்று விளங்காத பாடம் எது?" என்று கேளுங்கள். பிள்ளையின் முகமே பதில் சொல்லும்.

பஸ் காசை அன்றாடம் கொடுக்காமல், மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கிக் கொடுங்கள். பஸ் சீசன் எடுக்க முடியுமானால் எடுத்துவிடுங்கள். வயல் வெட்டுக்குப் பிள்ளையை மறிக்குமுன் அவனுடைய வரவு எத்தனை வீதம் என்று கேளுங்கள்.

கலியாணம் பேசும்போது, சீதனம் பற்றி எவ்வளவு பேசுகிறோம்! அதோடு ஒரு வார்த்தை, "பிள்ளை இந்தப் படிப்பை முடிப்பாள்" என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். மாமியாராக இருப்பவர்கள், பரீட்சைக் காலத்தில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஸகாத் பங்கீட்டில், தகுதியுள்ள ஏழை மாணவரின் பிரயாணச் செலவையும் கவனியுங்கள். ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதம் மாலையில் ஒரு மணித்தியாலம் உதவினால் போதும்.

ஏற்கனவே நின்றுவிட்ட பிள்ளையையும் கைவிடாதீர்கள். வேலை செய்து பழகியவரின் திறனைச் சோதித்துத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் வழியும் உண்டு. தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

அந்தப் பிள்ளை

அந்த மாணவனை அன்றே அவனுடைய வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வரவு குறைந்ததால் அந்த வருடப் பரீட்சை கை தவறிவிட்டது. பின்னர் மின்னிணைப்புப் பயிற்சியொன்றில் சேர்ந்து, அதை முடித்தான். இன்று கௌரவமாக உழைக்கிறான். ஆனாலும் கணக்கியல் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவான்.

அன்று அவனுடைய உம்மா நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "முதல் நாளே சொல்லியிருந்தா நான் ஏசியிருப்பன் மௌலவி. அதுக்குப் பயந்துதான் புள்ள சொல்லல்ல."

சகோதரிகளே! இன்றிரவு பிள்ளைக்குச் சோறு போடும்போது, ஏசாமல், அவசரப்படாமல், அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் கசப்பாக இருந்தாலும் பொறுமையாகக் கேளுங்கள். நம் பிள்ளைகள் தொடங்கியதை முடிக்க அல்லாஹ் அருள் புரிவானாக!