டீசலும் பெட்ரோலும்
டீசல் எஞ்சின் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிட்டு, கரியமில வாயுவைக் குறைவாக வெளிவிடுவது. 2001 முதல் பிரிட்டனில் அவ்வாயுவின் அளவைக் கொண்டே கார் வரி விதிக்கப்பட்டமையின், மக்கள் பலர் டீசல் கார்களை நாடினர். ஆயின், பழைய டீசல் கார்களின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்கரியும் மிகுதி. அவை நுரையீரலைத் தாக்குவன.

ஆதலின், இலண்டன் மாநகரில் 2019இல் நடுநகரும், 2023இல் நகர் முழுவதும் புகைக் கட்டுப்பாட்டு மண்டலமாயின. பெட்ரோல் கார் 2006 முதலும், டீசல் கார் 2015 செப்டம்பர் முதலும் பதிவானதாயின் பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஏனைய கார்கள் மண்டலத்துள் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுன் செலுத்துதல் வேண்டும். பதினைந்து ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் தடையின்றிச் செல்ல, அதனினும் புதிய டீசல் கார் கட்டணம் இறுக்கும் விந்தை இவ்வாறு நேர்ந்தது. வரிச் சலுகையை நம்பி டீசல் கார் வாங்கிய எளியோர்க்கு இது பெருஞ்சுமையே. அந்நகரில் பழைய கார் வாங்குவோர் விலையைக் கேட்குமுன் எரிபொருளையும் பதிவாண்டையும் நோக்குதல் வேண்டும்.